வானத்தில் பூட்டில்லாத கதவு

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு; இரவில் அதுவும் பேசாதே" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பகல் வேளையில் நம் பேச்சைக் கேட்பவர் யார் என்று திரும்பிப் பார்த்து அறியலாம். இருளில் அதற்கும் வழியில்லை. இம்முதுமொழி பிறந்த காலத்தில் வானொலி இல்லை, தொலைக்காட்சி இல்லை, பூமியைச் சுற்றி வரும் செய்மதியும் இல்லை. ஆயினும் இன்று ஆகாய மார்க்கமாகச் செய்தி அனுப்பும் ஒவ்வொருவரும் இருளில் பேசுபவரே ஆவர். தாம் விடுத்த அலையை எங்கெங்கே எவரெவர் ஏற்றுக்கொள்கின்றனர் என்பதை அவர்கள் அறிய இயலாது.

இந்தச் சிறிய உண்மையை அலட்சியம் செய்தமையால் உலகின் மாபெரும் வல்லரசொன்று வெட்கித் தலைகுனிய நேர்ந்தது. அவ்வரலாற்றை இவ்வாரம் நம் வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவ மாணவியருக்கு, எடுத்துக்கூற விழைகிறோம். கொழும்பு வாசிகளாகிய நமக்கு இவ்விஷயம் அந்நியமானதன்று. வானலையை ஒட்டுக்கேட்கும் கலை நமது நகரத்தின் சரித்திரத்தோடும் பின்னிப் பிணைந்ததாகும்.

ஈராக்கில் அகப்பட்ட மடிக்கணினி

2008ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக்கிலே அமெரிக்கப் படையினர் ஷியா ஆயுதக் குழுவொன்றைச் சேர்ந்த ஒருவரைச் சிறைப்பிடித்தனர். அவரிடமிருந்த மடிக்கணினியைப் பரிசோதித்தவர்கள் திகைத்துப் போயினர். அமெரிக்காவின் 'பிரிடேட்டர்' என்னும் ஆளில்லா விமானம் வானத்திலிருந்து எடுத்த காட்சிகள் அதில் பதிவாகியிருந்தன. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வேறு கணினிகளிலும் இத்தகைய காட்சிகள் கண்டெடுக்கப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பர் 17ஆம் திகதி 'வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்' பத்திரிகை இச்செய்தியை வெளியிட்டபோதுதான் உலகம் இதனை அறிந்தது.

நான்கு பிரிடேட்டர் விமானங்களும் அவற்றை இயக்கும் தரைநிலையமும் செய்மதித் தொடர்புச் சாதனமும் சேர்ந்த ஒரு தொகுதியின் விலை 2 கோடி டாலர் என அமெரிக்க விமானப்படையே கணக்குக் காட்டியிருந்தது. அவ்விமானத்தின் கண்ணைத் தம் கண்ணாக்கிக் கொள்ள எதிரிகள் செலவிட்ட தொகையோ 26 டாலருக்கும் குறைவு! அன்றைய நாணய மாற்றின்படி ஏறத்தாழ 3,000 இலங்கை ரூபாய். 'ஸ்கைகிராபர்' என்னும் ரஷ்ய மென்பொருளே அவர்களுக்குக் கைகொடுத்தது. அது யுத்தத்திற்கென ஆக்கப்பட்டதன்று. செய்மதி வழியாக இணையத்தைப் பாவிப்போர் தரவிறக்கும் பாடல்களையும் திரைப்படங்களையும் இடையிலே பிடித்துச் சேமிப்பதற்காகச் சந்தையில் விற்கப்பட்ட சாதாரணப் பண்டம் அது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அவர்கள் விமானத்தைத் தம் வசப்படுத்தினரல்லர். அதைத் திருப்பவோ இறக்கவோ அவர்களால் இயலவில்லை. விமானம் கண்டதை அவர்களும் கண்டனர், அவ்வளவே. ஆயினும் யுத்தத்தில் அது சாமானியமான அனுகூலமன்று. எந்த வீதி கண்காணிக்கப்படுகிறது, எந்த வீட்டின்மேல் விமானம் நெடுநேரம் வட்டமிடுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்தவர் அவ்விடத்தை விட்டு அகன்றுவிடலாம் அன்றோ?

கூரைமேல் உள்ள வட்டில்

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? விடை காணத் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நின்று தொடர்மாடிகளை அண்ணாந்து பார்த்தாற் போதும். மொட்டைமாடிகளிலும் பலகணிகளிலும் வானத்தை நோக்கியபடி வட்ட வடிவான செய்மதி அன்டெனாக்கள் நிற்கின்றன. ஒரு செய்மதி தன் அலைகளைப் பூமியை நோக்கிப் பொழியும்போது வெள்ளவத்தையிலுள்ள இன்னார் வீட்டுக்கு மட்டும் எனப் பொழிவதில்லை. ஒரு நாட்டின் மேல், சில வேளைகளில் ஒரு கண்டத்தின் பெரும்பகுதியின் மேல், மழையெனப் பொழிகிறது. மழை எல்லார் முற்றத்திலும் பெய்கிறது. பாத்திரம் வைத்தவர் பிடித்துக்கொள்கிறார்.

வானொலிக்கும் இதுவே இயல்பு. 1923ஆம் ஆண்டில் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசை பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டது. முதலாம் உலக யுத்தத்தில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனப் பாகங்களைக் கொண்டு அந்த ஒலிபரப்பி அமைக்கப்பட்டது என்பர். கேட்பவர் யாராயினும் கேட்கட்டும் என்பதே அன்றைய நோக்கம். ஆகவே பூட்டுத் தேவைப்படவில்லை. இரகசியத்தை அதே வானில் விடும்போதுதான் பூட்டு அவசியமாகிறது.

பிரிடேட்டர் விமானம் தான் கண்ட காட்சியை இரு வழிகளில் அனுப்பியது. அருகிலுள்ள தரைநிலையத்துக்கும் படையினருக்கும் நேரடியாக அனுப்புவது ஒன்று. கடல் கடந்து அமெரிக்காவில் அமர்ந்து விமானத்தைச் செலுத்துவோருக்குச் செய்மதி மூலம் அனுப்புவது மற்றொன்று. இவ்வழிகளில் காட்சி பூட்டப்படாமலே சென்றுகொண்டிருந்தது.

ஏன் பூட்டவில்லை?

அமெரிக்கருக்குப் பூட்டும் வித்தை தெரியாதா என வாசகர் வினவலாம். நன்கு தெரியும். உலகெங்கும் வங்கிகளும் அரசுகளும் பயன்படுத்தும் 'ஏ.ஈ.எஸ்.' என்னும் சங்கேத முறையை 2001ஆம் ஆண்டில் தேசிய நியமமாக்கிய நாடே அதுதான். பூட்டாமைக்குக் காரணங்கள் வேறு.

முதலாவது, அவசரம். 1990களிலே பொஸ்னிய யுத்தத்தின்போது பரீட்சார்த்த நிலையிலிருந்தே பிரிடேட்டர் களத்துக்கு அனுப்பப்பட்டது. இரண்டாவது, வசதி. 2002 முதல் களத்திலுள்ள படைவீரரும் சிறு கருவியொன்றில் அக்காட்சியை உடனுக்குடன் பார்க்கலாயினர். பூட்டினால் பார்க்க வேண்டிய ஒவ்வொருவருக்கும் சாவி வழங்க வேண்டும். சாவியை அடிக்கடி மாற்ற வேண்டும். நேச நாட்டுப் படைகளுக்கும் கொடுக்க வேண்டும். அது தொல்லை எனக் கருதப்பட்டது. மூன்றாவது காரணமே நாம் சிந்திக்க வேண்டியது. பொஸ்னிய யுத்த காலத்திலிருந்தே இக்குறைபாடு மேலிடத்துக்குத் தெரிந்திருந்தது. எனினும் இதைப் பயன்படுத்திக்கொள்ளும் அறிவு எதிரிக்கு இராது என்று எண்ணிவிட்டனர்.

எதிரியின் அறியாமையையே தம் கோட்டைக்கு மதிலாகக் கொண்டனர் என்பதே இதன் பொருள். எச்சரிக்கைகள் வராமலில்லை. 2002ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த செய்மதி ஆர்வலர் ஒருவர், பால்கன் பிரதேசத்தின் மேல் நேட்டோ உளவு விமானங்கள் எடுத்த காட்சிகளைத் தம் வீட்டு அன்டெனாவிலேயே பார்த்துவிட்டார். அச்செய்தி பி.பி.சி. தொலைக்காட்சியிலும் வெளிவந்தது. அதன் பின்னரும் ஆண்டுகள் பல கழிந்தன. ஈராக் விவகாரம் அம்பலமான பிறகும், 2012 வரையில் அவ்விமானங்களில் ஏறத்தாழப் பாதிதான் முழுமையாகப் பூட்டப்பட்டிருந்தன என்று செய்தி வெளியாயிற்று. பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் பின்னர் பூட்டு அமைப்பது, வீட்டைக் கட்டிக் குடிபுகுந்த பின் அத்திவாரத்தைத் திருத்துவது போலாகும். பிரிடேட்டர் 2018இல் சேவையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. அது விட்டுச் சென்ற பாடம் ஓய்வு பெறவில்லை.

உயிர் குடித்த திறந்த கதவு

அலட்சியத்தின் விலை அவமானத்தோடு நின்றுவிடுவதில்லை. 1997ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம், 5ஆம் திகதிகளுக்கு இடைப்பட்ட இரவில், இஸ்ரேலியக் கடற்படையின் விசேட கொமாண்டோக்கள் தென் லெபனானில் அன்சாரியா என்னும் கிராமத்தின் அருகே கரையிறங்கினர். அங்கே அவர்களுக்காக ஹிஸ்புல்லா இயக்கத்தினர் காத்திருந்தனர். வெடிப்பொறியிலும் தாக்குதலிலும் சிக்கி 12 இஸ்ரேலியர் மாண்டனர். அவர்கள் வரும் பாதை எதிரிக்கு எவ்வாறு தெரிந்தது என்பது நெடுங்காலம் விவாதப் பொருளாயிருந்தது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹிஸ்புல்லாத் தலைவர் ஹசன் நஸ்ரல்லா பத்திரிகையாளர் முன்னிலையில் ஒரு விளக்கம் தந்தார். இஸ்ரேலிய உளவு விமானங்கள் அப்பாதையை முன்னதாகப் படம் பிடித்து அனுப்பிய காட்சிகளைத் தாம் இடைமறித்துப் பார்த்ததாக அவர் கூறினார்.

எவ்விடத்தை ஒருவர் திரும்பத் திரும்பப் பார்க்கிறாரோ, அவ்விடத்துக்கு அவர் வரப்போகிறார் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை. பார்வையே இரகசியத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

கொழும்பைக் காட்டிக் கொடுத்த நான்கு அசைகள்

இனி, நமது நகருக்கு வருவோம். 1942ஆம் ஆண்டு ஜனவரியில், சிங்கப்பூர் வீழ்ச்சியடையும் தறுவாயில், அங்கிருந்த பிரித்தானியரின் ஒட்டுக்கேட்கும் பணியகம் கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. பெம்புரோக் கல்லூரி என்ற பாடசாலைக் கட்டடத்தில் அமர்ந்து அவர்கள் ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளைக் கேட்டனர். அச்செய்திகள் பூட்டப்பட்டவை. 'ஜே.என். 25' என நேச நாட்டார் பெயரிட்ட அந்தச் சங்கேத முறையை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண்ணொன்று உண்டு. உதாரணமாக, ஒரு சொல்லுக்குரிய எண் 41826 என்று கொள்வோம். அதனை அப்படியே அனுப்பாமல், வேறொரு புத்தகத்திலிருந்து 73958 போன்ற எண்ணொன்றை எடுத்துக் கூட்டுவர். கூட்டும்போது மிகுதியை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோவதில்லை. 4உம் 7உம் 11. அதில் 1ஐ மட்டும் எழுதுக. 1உம் 3உம் 4. 8உம் 9உம் 17. அதில் 7ஐ எழுதுக. இவ்வாறே செய்தால் 14774 என்று வரும். வானில் செல்வது இந்த எண்ணே. இரண்டாம் புத்தகத்தை உடையவர் அதே எண்ணைக் கழித்து மூல எண்ணை மீட்டுக்கொள்வார். புத்தகம் இல்லாதவருக்கு அது வெறும் எண்களின் இரைச்சல். அந்தப் புத்தகமே சாவி.

பூட்டு இருந்தும் நிபுணர்கள் மாதக்கணக்கில் உழைத்து அதன் சில பகுதிகளைத் திறந்துவிட்டனர். 1942 மார்ச் மாதத்தில், ஜப்பானியக் கப்பற்படை 'டி.ஜி.' என்ற மறைபெயருடைய இடத்தைத் தாக்கப் போவதாகத் தெரிந்தது. அந்த இடம் எது? ஒரு செய்தியிலே அப்பெயர் ஜப்பானிய அசையெழுத்துகளில் 'கோ-ரோ-ன்-போ' என்று வெளிப்பட்டுவிட்டது. கொழும்பில் அமர்ந்து கேட்டவர்கள், தாம் இருக்கும் ஊரின் பெயரையே எதிரியின் வாயிலிருந்து கேட்டனர்!

ஏப்ரல் 4ஆம் திகதி, லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி ஜப்பானியக் கப்பல்களைக் கடலிற் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொழும்புத் துறைமுகத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. துறைமுகத்தில் 'டெனடொஸ்', 'ஹெக்டர்' ஆகிய கப்பல்கள் மூழ்கின. துறைமுகத்தை அண்டியிருக்கும் கொட்டாஞ்சேனையிலும் நகரின் பிற பாகங்களிலும் பீதி பரவிற்று. பலர் நகரை விட்டு வெளியேறினர். ஒட்டுக்கேட்கும் பணியகமும் கென்யாவுக்குச் சென்றது. 1943இல் அது திரும்பி வந்து, கொழும்புக்கு அண்மையில் அண்டர்சன் கோல்ப் மைதானத்தில் நிலைகொண்டது.

அன்றைய ஜப்பானியருக்கும் பின்னாளைய அமெரிக்கருக்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். ஜப்பானியர் பூட்டினர், பூட்டை உடைக்கப் பெரும் நிபுணர் குழு தேவைப்பட்டது. அமெரிக்கர் பூட்டவே இல்லை. 26 டாலர் போதுமாயிற்று. உடையாத பூட்டு அரிது. ஆயினும் உடைக்கச் செல்லும் காலமும் உழைப்புமே பூட்டினால் நமக்குக் கிடைக்கும் இலாபம்.

2007இல் செய்மதியின் மறுபக்கம்

பூட்டில்லாத கதவு உள்ளே நுழையவும் வழி கொடுக்கும். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இன்டெல்சாட் நிறுவனம் தனது 12ஆம் இலக்கச் செய்மதியில் வெறுமையாக இருந்த அலைவழியொன்றைத் தமிழீழ விடுதலைப் புலிகள் அனுமதியின்றிப் பயன்படுத்தித் தொலைக்காட்சி, வானொலி நிகழ்ச்சிகளைப் பரப்புவதாகக் கூறியது. இலங்கை அரசும் முறைப்பாடு செய்திருந்தது. புலிகள் இக்குற்றச்சாட்டை மறுத்தனர். அம்மாதமே அவ்வொளிபரப்பு நிறுத்தப்பட்டது.

இதன் தத்துவம் எளிது. இத்தகைய செய்மதியிலுள்ள மீள்பரப்புக் கருவி ஒரு கண்ணாடியைப் போன்றது. உரிய அலைவரிசையில் கீழிருந்து எது வந்தாலும், வந்தவர் யார் என்று வினவாமல், பெருக்கித் திருப்பி அனுப்பிவிடும். ஈராக்கில் செய்மதி இறக்கியதை அழையா விருந்தினர் பெற்றுக்கொண்டனர். இங்கே அழையா விருந்தினர் ஏற்றியதைச் செய்மதி இறக்கியது என்பது குற்றச்சாட்டு. இரண்டிலும் காவலாளி இல்லாத வாயில் ஒன்றே.

கீழே இருந்தவர்கள்

இதுவரை பார்த்தவர்களைப் பற்றியும், களவாகப் பார்த்தவர்களைப் பற்றியும் கூறினோம். பார்க்கப்பட்டவர்களைப் பற்றியும் கூறாவிடின் இக்கட்டுரை முழுமை பெறாது.

1990களின் நடுப்பகுதி முதல் இலங்கை விமானப்படை இஸ்ரேலியத் தயாரிப்பான ஆளில்லா விமானங்களைப் பாவித்து வந்தது. வன்னி மக்கள் அதற்கு வைத்த பெயர் 'வண்டு'. கண்ணுக்குப் புலப்படாத உயரத்தில் நின்று ஓயாமல் இரையும் அவ்வொலியை இன்றும் மறவாதோர் பலர். அவர்களுட் சிலர் பின்னர் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து குடியேறினர். வண்டு இரைந்தால் அடுத்து என்ன வருமோ என்று தாய்மார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பதுங்குகுழியை நாடிய நாட்கள் அவை. 2009 ஏப்ரலில், புதுமாத்தளனிலிருந்து மக்கள் வெளியேறுவதை ஆகாயத்திலிருந்து எடுத்த காட்சிகளை அரசு வெளியிட்டது. எறும்புச் சாரி போல் நகர்ந்த அப்புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு மனித உயிர்.

வானத்துக் கண்ணின் காட்சியைச் செலுத்துபவர் காண்கிறார். பூட்டில்லாவிடில் ஆயுதம் தரித்த எதிரியும் கண்டு தப்பிக்கொள்கிறார். அவர் விட்டுச் சென்ற வீட்டின் பக்கத்து வீட்டிலே அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு மட்டும் எதுவும் தெரிவதில்லை. அவளிடம் அன்டெனாவும் இல்லை, மென்பொருளும் இல்லை. பூட்டாமல் விட்டவரின் அலட்சியத்துக்கும், திறந்து பார்த்தவரின் சாமர்த்தியத்துக்கும் இடையில் அகப்பட்டு நசுங்குபவள் அவளே. யுத்தக் கருவிகளின் நுட்பத்தை வியக்கும் மாணவர்கள் இதனையும் நெஞ்சில் இருத்துவார்களாக.

நம் வீட்டு வாயில்

வானத்துக் கண் இப்போது நம் வாசலுக்கும் வந்துவிட்டது. கல்யாண வீட்டிலும் தேர்த் திருவிழாவிலும் சிறு ஆளில்லா விமானங்கள் படம் பிடிக்கின்றன. 2019ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும் பிற இடங்களும் குண்டுத் தாக்குதலுக்கு இலக்கானபோது, சில நாட்களில் அவற்றைப் பறக்கவிடுவதற்கே தற்காலிகத் தடை விதிக்கப்பட்டமை நினைவிருக்கலாம். தொடர்மாடிகளின் வாயிலிலும் மின்னுயர்த்தியிலும் கண்காணிப்புக் கமராக்கள் உள்ளன. உறங்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், தனியே இருக்கும் பாட்டியைக் கனடாவிலுள்ள மகன் பார்த்துப் பேசவும் வீட்டுக்குள்ளேயே கமரா வைக்கிறோம்.

அக்காட்சியும் வானலை வழியாகவும் இணைய வழியாகவுமே செல்கிறது. அதற்குப் பூட்டு உண்டா?

2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்ற தீய மென்பொருள் உலகெங்கும் இலட்சக்கணக்கான வீட்டுக் கமராக்களையும் இணையக் கருவிகளையும் கைப்பற்றியது. அது எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டிருந்தனர். ஏறத்தாழ 60 பொதுவான கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே அது உள்ளே புகுந்தது. "நம் வீட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்னும் நினைப்பும், "எதிரிக்கு இதெல்லாம் தெரியாது" என்ற இராணுவத்தின் நினைப்பும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

ஆகவே குடும்பத் தலைவர்களும் தலைவியரும் செய்ய வேண்டியவை சிலவே. கமராவையும் இணையக் கருவியையும் வாங்கிய அன்றே அவற்றின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறந்த திகதியையும் பிள்ளையின் பெயரையும் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். படுக்கையறைக்குக் கமரா வேண்டுமா என்று இருமுறை சிந்தியுங்கள். தொடர்மாடியின் நிருவாகம் எடுக்கும் படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் பார்க்கின்றனர் என்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டிலும் இயற்றப்பட்டுள்ளது. பிறர் தகவலைச் சேகரிப்பவருக்குப் பொறுப்புண்டு என்பதே அதன் சாரம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணிதத்தில் எண்களைக் கூட்டிக் கழிப்பதால் என்ன பயன் என்று சலித்துக்கொள்ளும் வேளையில், 41826ஐ 14774 ஆக்கிய அந்தச் சிறு கூட்டலை நினைத்துப் பாருங்கள். இன்றைய பூட்டுகள் அதனிலும் பன்மடங்கு வலிமை வாய்ந்தவை. அவற்றை ஆக்கும் கல்வி உங்களுக்கும் எட்டக்கூடியதே. பூட்டும் வித்தையைக் கற்போர், எதைப் பூட்ட வேண்டும், எவரைக் காக்கப் பூட்ட வேண்டும் என்பதையும் உடன் கற்றால் அக்கல்வி நிறைவுறும்.